செல்லதுரையின் முட்டிச் சத்தம்

“நேத்து விடியக்காலம் கட்டிலை விட்டு எந்திரிச்சேனா, என் முட்டி போட்ட சத்தத்துல கல்லணையைத் திறந்துட்டாங்கன்னு நெனைச்சு நாலு ஊர்க்காரன் நாத்து விட ஓடிட்டான்!”

கொல்லை வேலியோரம் நின்று சொன்னார் செல்லதுரை. முப்பது வருஷம் வெண்ணாற்று மதகைத் திருகி ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறை லஸ்கர். தண்ணீரை அளந்து விட்டவர், பேச்சை மட்டும் அளந்ததே இல்லை.

“எனக்கு ஒண்ணும் கேக்கலையேண்ணே. ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்தான்,” என்றாள் கலைமகள், முருங்கைக் கீரையை உருவிக்கொண்டே. அவளும் தனிக்கட்டை.

“ஒரு நாள்கூடவா?”

“கேக்குதுன்னு சொன்னா நாளைக்கு எட்டு ஊருன்னுவீங்க.”

அவருக்கு முகம் விழுந்துவிட்டது. மனைவி போய்ச் சேர்ந்தபின் அந்த வீட்டில் வாய் திறப்பது முட்டி மட்டும்தான். அதுவே கேட்காதென்றால், விழுந்து கிடந்தால் யாருக்குக் கேட்கப் போகிறது? தினமும் அவர் எழுந்து, முட்டி ‘மடக்’கென்றதும் பக்கத்து வாசலில் தண்ணீர் தெளிக்கிற சத்தம் வரும். அதோடு சரி.

மஸ்கட்டிலிருந்து மகன் மதிவாணன் வீடியோவில் விளக்கினான். “மூட்டுக்கு நடுவுல மெத்தையாட்டம் குருத்தெலும்பு இருக்குப்பா. அதை இழுத்துக் கட்டியிருக்கிற நாரு பேரு கொலாஜன். வயசானா நைஞ்சுபோகும்.”

“கயிறு போன கட்டில்னு சொல்லு!”

“பொடி அனுப்புறேன், கலக்கிக் குடிங்க.”

குடித்தார். டாக்டர் சொன்னபடி காலை நீட்டி மடக்கவும் செய்தார். எது வேலை செய்ததோ, ஒரு விடியலில் எழுந்து நின்றால் முட்டி மூச்சே விடவில்லை.

வீடு இவ்வளவு பெரிசா என்றிருந்தது. இருந்த ஒரு துணையும் சொல்லாமல் கொள்ளாமல் போனதுபோல் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அன்றைக்குப் பக்கத்து வாசலில் தண்ணீர்ச் சத்தமும் இல்லை.

திடீரென்று கதவே பெயர்ந்துவிழுகிற மாதிரி யாரோ தட்டினார்கள். திறந்தார். தலை கலைந்து, கண் கலங்கி, நிறைந்த வாளியோடு கலைமகள்.

“என்னம்மா, என்ன ஆச்சு?”

தலையிலிருந்து கால்வரை அவரைப் பார்த்தாள். வாளியைத் தொப்பென்று வைத்தாள். அவர் முட்டியை ஒரு முறை முறைத்தாள்.

“தினமும் கேக்கும்ணே... இன்னிக்குத்தான் கேக்கலை.”