எரிகோவின் மதில்

உபதேசியார் செல்வமணி ஜெபத்தை முடிப்பதாக இல்லை.

தொடங்கிக் கால்மணி நேரம் ஆகிவிட்டது. ஆதாமில் ஆரம்பித்தவர், இப்போதுதான் நோவாவின் பேழைக்கு மரம் வெட்டிக்கொண்டிருந்தார்.

டிராக்டர் சீட்டில், துண்டால் முகத்தை மூடி உட்கார்ந்திருந்த தங்கையனுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. வெயில் காரணமல்ல. பயம்.

பாறசாலைக்குப் பக்கத்தில் உள்ள அந்தச் சபையில் புது மிஷின் எது வந்தாலும், மாவாட்டுகிற கிரைண்டரே ஆனாலும், ஜெபித்துவிட்டுத்தான் சுவிட்ச் போடுவார்கள். ஜெபத்தில் கண்ணைத் திறப்பவனின் கண்வழியே சாத்தான் குடியேறுவான் என்பது ஓய்வுநாள் பள்ளியில் படித்த முதல் பாடம். ஆகவே அறுபது பேரும் கண்ணை இறுக மூடி நின்றார்கள்.

இன்றைய மிஷின், டிராக்டரின் வாலில் மாட்டி, வெட்டின மரத்தின் அடிக்குற்றியை அரைத்துத் தள்ளுவது. தங்கையன் புதிதாக வாங்கியது. கோயில் முற்றத்து அயினிமரக் குற்றிதான் அதற்கு முதல் பலி. அந்தக் குற்றியின்மேல் சபைக் கமிட்டியே கூட்டம் போடலாம். சண்டை வந்தால் கட்டிப் புரளவும் இடம் மிஞ்சும்.

டிராக்டருக்கும் மிஷினுக்கும் நடுவே சுழல்கிற ஷாஃப்டைத் தங்கையனே மாட்டினான். அங்கேதான் வினை.

சந்தைமுக்கில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சஜி காலையிலேயே வந்து நின்றான்.

"மாமா, நான் மாட்டித் தரட்டா?"

"லே, நீ பால்குடிக்கிற காலத்திலே, பொன்முடிக் கொண்டை ஊசி வளைவு அத்தனையும் ரிவர்ஸ்ல ஏறினவனாக்கும் நான்."

"அது சரி. லாக் 'டக்'குன்னு விழுந்த சத்தம் கேட்டுதா? விழல்லேன்னா ஓடுற ஓட்டத்துல ஷாஃப்ட் கழண்டு வரும். நிமிஷத்துக்கு ஐந்நூறு சுத்து, மாமா. பக்கத்துல நிக்கிற ஆளுக்குக் கால் மிஞ்சாது."

"கேட்டுது. உனக்குக் காது மந்தம்."

கேட்கவில்லை. கோயில் மைக்செட்டில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. லாக் விழுந்ததோ இல்லையோ, தங்கையனுக்கே தெரியாது. குனிந்து இன்னொரு தடவை பார்த்திருக்கலாம். பார்த்தால் சஜி சிரிப்பான். யோசிப்பதற்குள் பாட்டு நின்றது, ஜனம் கூடியது, உபதேசியார் கையை உயர்த்திவிட்டார்.

கண்ணை மூடும்முன் அவன் கடைசியாகப் பார்த்தது தன் மனைவி ஜெயபாயை. டீத் தூக்குவாளியும் கையுமாக, ஷாஃப்டுக்கு மூன்றே அடியில் நின்றிருந்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லு, பிள்ளே."

"ஏன், உங்க மிஷின் மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லியா?" என்றவள் அரை அடி முன்னால் வந்தாள்.

துண்டுக்குள் இருட்டு. அந்த இருட்டில் ஷாஃப்ட் கழன்றது. துள்ளியது. தரையை அறைந்தது. இரண்டரை அடி என்பது அதற்கு ஒரு தூரமா? தங்கையன் பல்லைக் கடித்தான். மறுபடி முதலிலிருந்து கழன்றது.

உபதேசியார் மோசேயை விட்டு யோசுவாவைப் பிடித்தார். திடீரென்று குரல் எகிறியது.

"எரிகோவின் மதிலை இடித்தீரே, ஆண்டவரே. இடித்தீரே. இடித்தீரே."

ஏழு தடவை சுற்றிவந்து இடித்தார். ஒவ்வொரு இடிக்கும் ஜனம் அல்லேலூயா முழங்கியது. தங்கையனின் சீட்டே அதிர்ந்தது. தன் தொடைதான் நடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டான்.

இந்த மனுஷனுக்குத் தன் குரலைத் தானே கேட்பதில் இத்தனை ஆசையா என்று மனசுக்குள் வைதான். மறு நொடியே, ஐயா, முடித்துவிடாதேயும், இன்னும் நீட்டும் என்று கெஞ்சினான்.

மதில் விழுந்த புழுதி அடங்கும்முன் 'ஆமென்' வந்துவிட்டது.

சாவியைத் திருப்பினான். இன்ஜின் உறுமியது. ஷாஃப்டைச் சுழலவிடும் லீவரில் கை வைத்துத் திரும்பிப் பார்த்தான். ரப்பர் செருப்புப் போட்ட இரண்டு கால்கள். அதே இடத்தில்.

இன்ஜினை அணைத்தான்.

"என்ன தங்கையா?" என்றார் உபதேசியார்.

"ஒண்ணுமில்ல. சும்மா, ஒரு தடவை பாத்துருதேன்."

இறங்கினான். டிராக்டரின் வாலுக்குப் போனான். ஷாஃப்டை இரண்டு கையாலும் பிடித்து, பலங்கொண்ட மட்டும் இழுத்தான்.

அசையவில்லை. லாக் கச்சிதமாக விழுந்து கிடந்தது.

போன உயிர் திரும்பியது. கூடவே வாயும் திரும்பியது.

"பாத்தியா லே, சஜி? தங்கையன் மாட்டினா மாட்டினதுதான்."

"ஆமா மாமா. எனக்குத்தான் காது மந்தம்," என்றான் சஜி, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.

உச்சிப்பொழுதுக்குள் அயினிக் குற்றி தவிடாயிற்று. ஜெயபாய் எல்லாருக்கும் டீ ஊற்றினாள். தங்கையன் கிளாசுடன் உபதேசியார் பக்கத்தில் போய் நின்றான்.

"ஓய், ஒரு குற்றிக்கு இவ்வளவு நீள ஜெபமா? எரிகோ வந்தப்போ எனக்குக் காதே அடைச்சுப் போச்சு. அத்தனை சத்தம் எதுக்காக்கும்?"

செல்வமணி டீயை ஊதி ஒரு வாய் குடித்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவன் காதருகே குனிந்தார்.

"அப்போ சஜி உன் டிராக்டருக்கு அடியில கிடந்து, சுத்தியலால லாக்கைத் தட்டித் தட்டி இறக்குறான். அந்தச் சத்தம் சபைக்குக் கேக்காண்டாம்னா, எரிகோவை இடிக்காம நான் என்ன செய்ய?"