நுரைக்கூடு

மகள் தர்ஷியின் தலையில் இரட்டைப் பின்னல். கோடு கிழித்த மாதிரி வகிடு, இரண்டு பக்கமும் ஒரே அளவில் ரிப்பன். பெண் கை படாமல் இப்படி அமையாது என்பது நிரஞ்சலாவுக்குத் தெரியும்.

"யாரு பின்னிவிட்டது?"

ஜெயகுமார் மீன் போத்தலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நான்தான்."

"நல்லா காதுல பூ சுத்துறீங்க."

குவைத்தில் இரண்டு வருஷம் வீட்டு வேலை பார்த்துவிட்டு, நேற்றுத்தான் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்துக்குத் திரும்பியிருந்தாள். தவழும் வயதில் விட்டுப் போன பிள்ளைக்கு இப்போது மூன்று வயது. கொண்டுவந்த பொம்மையை வாங்கிக்கொண்டதோடு சரி, மடிக்கு வரவில்லை.

அங்கே இருக்கும்போதே அவளை ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டிருந்தது. லயத்தில் சிக்னல் பேருக்குத்தான். வீடியோ கோல் எடுத்தால் இவள் முகம் அந்தப் பக்கம் உறைந்து கறுத்துவிடுமாம். ஜெயகுமார் போனைப் பிள்ளைக்கு நேரே பிடித்துக்கொண்டு, "அம்மா சொல்லு, அம்மா" என்பான்.

பிள்ளையும் "அம்மா" என்று சிரிக்கும். ஆனால் கண் போனில் இருக்காது, போனுக்கு மேலே பார்க்கும். போனுக்குப் பின்னால் எவளோ நிற்கிறாள் என்று நிரஞ்சலா அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

அந்த எவளுக்குப் பெயரும் வைத்தாயிற்று. லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டு றமீலா. சிரித்த முகம், புருஷன் கொழும்பில். வேறென்ன வேண்டும்?

"அந்தப் போத்தல ஆட்டிராத புள்ள. பைட்டர் மீனு முட்ட விட்டிருக்கு" என்றான் ஜெயகுமார், கிட்டே வந்த நிரஞ்சலாவிடம். குளிர் தாக்காமலிருக்கப் போத்தலுக்கு மேலே ஒரு பல்ப் எரிந்தது. தண்ணீர் மட்டத்தில் நுரை அப்பியிருந்தது. அதன் கீழே ஒரு நீல மீன், விழுகிற முட்டைகளை வாயால் பொறுக்கிப் பொறுக்கி நுரைக்குள் வைத்துக்கொண்டிருந்தது.

"இதுதான் தாய் மீனா?"

"இல்ல, ஆம்பள. கூடு கட்டுறது, காவல் இருக்கிறது எல்லாம் இதுதான். முட்ட விட்டதும் பொட்டைய வேற போத்தலுக்கு மாத்திடணும்."

அவளுக்குச் சுருக்கென்றது. "அதான் என்னயவும் குவைத்துக்கு மாத்துனீங்களாக்கும்!"

அவன் மீனுக்குக் கொசுப்புழு பிடிக்கும் வலையையும் வாளியையும் எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் இறங்கிவிட்டான். கேட்டதற்குப் பதில் இல்லாதவன்தான் இப்படி நழுவுவான் என்று அவள் பல்லைக் கடித்தாள்.

பீலியில் றமீலா குடத்துக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நிரஞ்சலா நேராகப் போய் நின்றாள்.

"எம் புள்ள இங்க யார அம்மான்னு கூப்புடுது?"

றமீலா குனிந்துகொண்டாள். உதட்டில் சிரிப்பு தப்பியது. "அத எங்கிட்ட கேக்காதீங்கக்கா. அண்ணன்கிட்டயே கேளுங்க."

வெறும் வாயை மென்றவளுக்கு அவல் கிடைத்துவிட்டது. பாலைவன வெயிலில் எவள் வீட்டுப் பிள்ளைக்கோ சோறு ஊட்டி இவள் தேய, இவள் பெற்றதை இன்னொருத்தி நோகாமல் வாரிக்கொண்டாள்! பெட்டியை இன்னும் பிரிக்கக்கூட இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொஸ்லந்தையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது என்று திரும்பினாள்.

"அம்மா!"

தர்ஷி வாசலிலிருந்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள். நிரஞ்சலாவின் கை தானாக விரிந்தது. பிள்ளை அவளைத் தாண்டி ஓடியது. நேரே றமீலாவைப் பார்த்து ஓடியது.

'பார்த்துவிட்டேனடி' என்று நிரஞ்சலா சேலையை வரிந்து கட்டினாள்.

பிள்ளை றமீலாவையும் தாண்டி ஓடியது. ஓடையிலிருந்து வாளியோடு ஏறி வந்துகொண்டிருந்த ஜெயகுமாரின் காலைக் கட்டிக்கொண்டு, அவன் முகத்தை அண்ணாந்து பார்த்தது.

"அம்மா, அந்த அன்ட்டி எப்ப அவுங்க வீட்டுக்குப் போவாங்க?"