வரும்போது என் பாட்டு

"இன்னும் கொஞ்சம் திற. அவ்வளவுதான், வலிக்காது" என்று சொல்லிக்கொண்டே பல் டாக்டர் குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். ஓரமெல்லாம் கறுத்துப்போயிருந்தது. இது தேறாது, பிடுங்கிவிட வேண்டியதுதான் என்று குறடைக் கையில் எடுத்தார்.

பிடுங்கியது ஸ்பீக்கரை. வாயைப் பிளந்துகொண்டு நின்றது அவருடைய பழைய காரின் முன்பக்கக் கதவு. பதில் பேச முடியாதவர்களிடமே நாள் முழுக்கப் பேசிப் பழகிய மனிதர், லீவு நாளில் கதவிடமும் பேசிக்கொண்டிருந்தார்.

ஞாயிறுதோறும் டாக்டரும் மனைவியும் மகள் வீட்டுக்குக் காரில் போய்வருவார்கள். போகும்போது மனைவி கேட்க விரும்புவது ஓடும், வரும்போது டாக்டர் கேட்க விரும்புவது. பல சண்டைகளுக்குப் பிறகு வந்த ஒப்பந்தம் அது.

மனைவி கேட்பது, நல்வாழ்வு பற்றி ஒருவர் மூச்சுவிடாமல் பொழியும் பேச்சு. டாக்டருக்குப் பாட்டு. வாரம் பூராவும் பல் கடையும் மெஷினின் கிறீச் சத்தத்தையே கேட்பவருக்கு, திரும்பும் வழியில் பாட்டோடு சேர்ந்து தொண்டை திறந்து பாடுவதுதான் உயிர்.

அந்த உயிருக்குத்தான் கொஞ்ச காலமாக ஆபத்து. போகும் வழியெல்லாம் பேச்சு கணீரென்று கேட்கும். திரும்பும்போது இரண்டாவது பாட்டிலேயே ஸ்பீக்கர் படுத்துவிடும். அந்த ஆள் பேச்சைக் கேட்டுக் கேட்டு அதுவே களைத்துப்போயிருக்கும் என்று டாக்டர் சொன்னபோது மனைவி சிரிக்காமல் தலையாட்டினார். வெளியே சொல்லிக்கொள்ளவில்லையே தவிர, டாக்டருக்கு அழுகையே வந்தது.

கழற்றிய ஸ்பீக்கரை அளவுக்காகக் கடைக்கு எடுத்துப்போனார். கடைக்காரர் அதன் வயரை ஒரு பேட்டரியில் தொட்டதும் டப்பென்று ஜோராகச் சத்தம் வந்தது. இது நல்லாத்தான் இருக்கு, வயரைப் பாருங்க என்றார் கடைக்காரர். வலி ஒரு பல்லில் இருக்கும், சொத்தை வேறு பல்லில் இருக்கும் என்று தினமும் நாலு பேருக்கு விளக்குகிற டாக்டர், அதைக் காதில் வாங்காமல் புது ஜோடியை வாங்கிக்கொண்டு வந்தார்.

ஆனாலும் கடைக்காரர் சொன்னது உறுத்தியது. வயரையும் மாற்றிவிடலாம் என்று மனைவி கால் வைக்கும் பக்கத்துக் கார்ப்பெட்டைப் பெயர்க்கப் போனார். டீயோடு வந்த மனைவி தடுத்தார்.

"எதுக்குங்க அதை வேற கிளறிக்கிட்டு? பழைய வயரே போதும். இடுப்பு பிடிச்சுக்கிட்டா அப்புறம் யாரு தேய்ச்சு விடறது?"

இடுப்பு என்றதும் டாக்டர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். ப்ளஸ், மைனஸ் பார்த்து, பழைய வயரோடு புது ஸ்பீக்கர்களை முறுக்கி டேப் சுற்றினார்.

அப்போதுதான் அவர் புத்தி குறுக்கே ஓடியது. அந்தப் பழைய காரில் இரண்டு ஸ்பீக்கரின் கறுப்பு வயரும் ஒன்றாகச் சேர்ந்துதான் ஸ்டீரியோ செட்டுக்குப் போகும். அதை ஓரிடத்தில் துண்டித்தால் இரண்டும் ஊமை. கிளினிக் விளக்கிலிருந்து கழற்றிப் போட்ட சின்ன சுவிட்ச் ஒன்று டிராயரில் சும்மா கிடந்தது.

செட்டுக்குப் பின்னால் கறுப்பு வயரை வெட்டி, நடுவில் சுவிட்சைக் கோத்து, ஸ்டியரிங்குக்கு அடியில் கண்ணில் படாத இடமாகப் பார்த்து ஒட்டிவைத்தார். பாவம் இல்லையா என்று மனசு கேட்டது. இத்தனை நாள் நான் பட்டது பாவம் இல்லையா என்று திருப்பிக் கேட்டு அதன் வாயை அடைத்தார்.

மறுநாள் ஞாயிறு, போகும் வழியில் புது ஸ்பீக்கரில் நல்வாழ்வுப் பேச்சாளர் மடியில் உட்கார்ந்து பேசுவதுபோல் முழங்கினார். மனதை அடக்குவது எப்படி என்று அவர் ஆரம்பித்ததும், டாக்டர் முழங்காலைச் சொறிவதுபோல் கையைக் கீழே விட்டார். பேச்சு கப்சிப்.

புதுசும் போயிடுச்சே என்று டாக்டர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். மனைவி செட்டைப் பார்த்தார், டாக்டரின் முழங்காலைப் பார்த்தார். பரவாயில்லை விடுங்க என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்துப் பிரித்துக்கொண்டார். அந்தப் பெருந்தன்மை டாக்டரைக் கொஞ்சம் சுட்டது. இருந்தாலும் மீதி வழியை நிம்மதியாக ஓட்டினார்.

மகள் வீட்டிலிருந்து திரும்பும்போது, விட்டு விட்டு வேலை செய்கிறது போலிருக்கிறது என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டே சுவிட்சை மேலே தட்டிவிட்டார். பாட்டு வந்தது. என்ன சத்தம், என்ன துல்லியம். டாக்டர் பிறவிப் பயனை அடைந்துவிட்டார்.

இரண்டாவது பாட்டு உச்சத்துக்கு ஏறியது. டாக்டரும் ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி கூடவே ஏறினார். சட்டென்று பாட்டு நின்றது. அவர் குரல் மட்டும் துணையில்லாமல் காருக்குள் நீண்டு, தடுமாறி, இருமலில் போய் முடிந்தது.

டாக்டர், முழங்கால் பட்டுவிட்டதோ என்று ஸ்டியரிங்குக்கு அடியில் விரலை விட்டுத் துழாவினார். மேலே தட்டினார், கீழே தட்டினார், மறுபடி மேலே தட்டினார். ஸ்பீக்கரிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

மனைவி பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமலே, காலடிக் கார்ப்பெட்டில் ஊன்றிய கட்டைவிரலையும் எடுக்காமலே சொன்னார்:

"அதை ஏங்க தட்டிக்கிட்டு இருக்கீங்க? இப்ப அமுக்கினது நான்."