ஒரே சர்வே எண்

இரண்டு தாள்களிலும் ஒரே சர்வே எண்.

மறுபடி பார்த்தாள். 214/3.

ஊராட்சியின் திட்டத்தில்: குடிநீர் ஊருணி தூர்வாருதல்.

நகராட்சியின் திட்டத்தில்: கழிவுநீர் வெளியேற்றும் இடம்.

ஊருணி அவள் ஊருடையது. அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் பன்னிரண்டாவது வரை படித்தாள். இன்றைக்கும் அம்மா அதில்தான் குடம் முக்குகிறாள்.

மாவட்டத் திட்டக் குழு அலுவலகத்தில் அவளுக்கு ஒப்பந்த வேலை. வேலையின் பெயர் ஒருங்கிணைப்பு. ஊராட்சிகள் அனுப்புவதையும் நகராட்சிகள் அனுப்புவதையும் சேர்த்து மாவட்டத்துக்கு ஒரே திட்டமாக்க வேண்டும். சேர்ப்பது என்றால், முதல் பாகம் கிராமம், இரண்டாம் பாகம் நகரம், மேலே ஓர் அட்டை. முதல் பாகத்துக்காரர்கள் இரண்டாம் பாகத்தைப் புரட்டுவதில்லை. வருஷா வருஷம் இப்படித்தான்.

கண்காணிப்பாளர் சுந்தரவடிவேலிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் கண்ணாடியைக்கூட எடுத்து மாட்டவில்லை. இரண்டு பக்கமும் தீர்மானம் போட்டு வந்தது, நாம் கை வைக்க முடியாது என்றார்.

"தைக்கிறதுதாம்மா நம்ம வேலை. துணி கிழிசலான்னு பாக்குறது இல்ல."

படித்த பெண், கொஞ்சம் விவரமாக நடந்துகொள் என்றும் சொன்னார்.

அவள் வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி. விவரம் என்றால் வாயை மூடுவது என்று கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை.

அவர் சாப்பிடப் போனதும் இரண்டு பாகங்களையும் கலைத்தாள். எல்லாவற்றையும் சர்வே எண் வாரியாக அடுக்கினாள்.

இரண்டு வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் விளங்கும்.

அன்றைய குழுக் கூட்டத்துக்கு முப்பது பிரதி எடுத்தாள்.

வேலை போனால் போகட்டும்.

மூன்று மணிக்குக் குழு கூடியது. பக்கோடா வந்தது, காபி வந்தது. பக்கங்கள் புரண்டன.

ஓரிடத்தில் நகராட்சிக் கவுன்சிலர் ஒருவரின் விரல் நின்றது.

சுவரோரம் நின்றிருந்த அவள் எட்டிப் பார்த்தாள்.

அவர் இரண்டு வரிகளையும் சத்தமாகப் படித்தார். எதிரே இருந்த பஞ்சவர்ணத்தைப் பார்த்தார். சுவரோரம் நின்றவளின் ஊர்ப் பக்கத்திலிருந்து ஜெயித்து வந்த ஊராட்சி உறுப்பினர் அவர். பஞ்சவர்ணமும் தன் தாளைப் பார்த்தார்.



பிறகு கவுன்சிலர் சிரித்தார்.

"நல்லதாப் போச்சுக்கா. மொதல்ல நீங்க ஆழமா வெட்டிருங்க. எங்க தண்ணி நெறையப் பிடிக்கும்."

குடிக்கிற தண்ணிக்கு லாரி விட்டுக்கொள்ளலாம் என்றார் இன்னொருவர்.

பஞ்சவர்ணம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். வெட்டுகிற வேலை எங்கள் சனத்துக்குத்தானே? ஆமாம் என்றார்கள். அவர் பேனாவைத் திறந்தார்.

எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கிராமமும் நகரமும் இப்படிக் கைகோத்து இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை என்று குழுத் தலைவர் நெகிழ்ந்தார். சர்வே எண் வாரியாக அடுக்கியது யார் யோசனை என்று விசாரித்தார்.

சுந்தரவடிவேல் எழுந்து கும்பிட்டார்.

திருத்தத்தை அவள்தான் தட்டச்சு செய்தாள்.

முதல் ஆண்டு, தூர்வாருதல். ஆறடி.

இரண்டாம் ஆண்டு, கழிவுநீர்.

பேருந்து நிலையத்தில் நிற்கும்போது அம்மா போன் பண்ணினாள். பஞ்சவர்ணம் அதற்குள் ஊருக்குச் சொல்லிவிட்டிருந்தார். ஊருணியில் நூறு நாள் வேலை, ஆறடி ஆழம், மழைக்கு முன்னால் ஆரம்பம். லாரியைப் பற்றிச் சொல்லவில்லை. கழிவுநீரைப் பற்றியும் சொல்லவில்லை. அம்மாவைச் சுற்றிப் பெண்கள் பேசிச் சிரிப்பது கேட்டது.

அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"நீ அந்த ஆபீசுலதான இருக்க. ஆறடி பத்தாதுத்தா. எட்டடின்னு எழுதச் சொல்லேன்."