இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச்

நான்கு மணி நேரமாகப் புல்வெட்டும் வண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான் இளஞ்செழியன். ஸ்பார்க் பிளக்கை மாற்றினான். கார்புரேட்டரைக் கழுவினான். அவன் ஏறி ஓட்டினால் தோட்டம் முழுக்கச் சுற்றி வருகிறது. அப்பா ஓட்டினால் மட்டும் வாசற்படி அருகே நின்றுவிடுகிறது. ஊரிலிருந்து வந்த இந்த ஒரு மாதத்தில் அப்பா வாய்விட்டுக் கேட்டது இந்த வண்டி ஒன்றைத்தான்.

இப்போதும் அப்பா ஓட்டி வந்தபோது நின்றது. மகளைப் பார்க்க வந்திருந்த அவனுடைய மாமனார், படியில் காபியோடு நின்றார்.

"பேசாம ரெண்டு ஆட்டை வாங்கி விடுங்க மாப்ள. உங்கப்பாவுக்குப் பழகின வேலைதானே?"

இளஞ்செழியன் சிரித்து வைத்தான். சிரித்ததும் காதுமடல் சுட்டது. அப்பா வேறெங்கோ பார்த்தார். மாமனார் உள்ளே போனார்.

மிச்சம் இருந்தது இருக்கைக்கு அடியில் உள்ள சுவிட்ச்தான். ஓட்டுபவர் தவறி விழுந்து இருக்கையில் கனம் இல்லாமல் போனால் எஞ்சினை நிறுத்துவதற்காக வைத்தது. ஒயரைச் சோதித்தான். ஒரு பழுதும் இல்லை.

"அப்பா, ஓட்டும்போது எந்திரிக்கிறீங்களா?"

"இல்லையே." அப்பா ஸ்பேனரை எடுத்து வேட்டியில் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

அவர் முகத்தைப் பார்க்காமல், இறுகிவிட்ட போல்ட்டையே முறுக்கியபடி கேட்டான். "மாமா வெளிய வர்றப்பவா?"

அப்பா படியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரல் தாழ்ந்தது.

"முப்பது வருசம் அவுக பண்ணையில நின்ன காலுப்பா. அய்யா வந்து நிக்கயில நான் எப்பிடி உக்காந்திருக்க?"