பத்துத் தேய்ப்பு

வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது.

ஜம்பு நம்பவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, துணி சோதிக்கும் லேபின் விளக்குப் பெட்டிக்குள் தலையை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்த்தான்.

மெஷினின் விரலில் வெள்ளைப் பருத்தித் துண்டை மாட்டி, நீலத் துப்பட்டாவின் மேல் பத்து முறை முன்னும் பின்னும் தேய்த்தாயிற்று. உலர்ந்த துண்டால் ஒரு தடவை, நனைத்த துண்டால் ஒரு தடவை. சாயம் விட்டால் அந்தத் துண்டு காட்டிக்கொடுத்துவிடும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று சாம்பல் நிற அட்டையோடு ஒப்பிட்டு மார்க் போட வேண்டும். ஒன்று என்றால் படுமோசம். ஐந்து என்றால் ஒட்டவே இல்லை.

ஜம்பு எதிர்பார்த்தது இரண்டு. அதற்கும் கீழே போனால் லேபில் எல்லோருக்கும் பேடா வாங்கிக் கொடுப்பதாக இருந்தான்.

கிடைத்தது ஐந்து.

பதினாறு வருடமாகப் புனேயில் துணிகளுக்கு மார்க் போடுகிறவன். எந்த மில்காரருக்கும் அரை மார்க் கூட்டியதில்லை, குறைத்ததும் இல்லை. ஒரு துணி தோற்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டு கைப்பிடியைச் சுற்றியது இன்றைக்குத்தான்.

அது ஹரிபிரசாத் வாங்கிக் கொடுத்த துப்பட்டா.

ஹரிபிரசாத், ஸ்ரீவித்யாவின் முதல் கணவன். ஜம்பு இரண்டாவது. கல்யாணமாகி மூன்று வருடம். ஹரியை அவன் நேரில் பார்த்ததில்லை, போட்டோவில்தான் பழக்கம். சிங்ககட் கோட்டை மேல் நின்று சிரிக்கிறான். நல்ல உயரம். தலை நிறைய முடி. முடி விஷயத்தில் ஜம்பு போட்டிக்கே போகவில்லை.

ஆனால் துணி அப்படி இல்லை. அது அவன் துறை.

துறையாக இருந்து என்ன பிரயோஜனம்? மூன்று தீபாவளிக்கும் லக்ஷ்மி ரோடு முழுக்க அலைந்து, கடைக்காரருக்கு அரை மணி நேரம் ஹிந்தியில் வகுப்பெடுத்து, மூன்று துப்பட்டா வாங்கி வந்தான். மூன்றும் முதல் துவையலிலேயே பக்கெட்டில் ஹோலி கொண்டாடின.

ஸ்ரீவித்யா சாயத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் பிடித்தாள். அதுதான் வலித்தது.

அவர்கள் குடியிருக்கும் வாகடில் டிசம்பர் குளிர் ஆரம்பித்தால் போதும், அந்த நீலம் அலமாரியிலிருந்து இறங்கி அவள் கழுத்தில் ஏறிக்கொள்ளும். ஹிஞ்சேவாடி ஆபீஸ் கேபுக்காக நிற்கும்போது அதில் மூக்கைப் புதைத்துக்கொள்வாள். பக்கத்திலேயே புருஷன் நிற்கிறான். அவனுக்கும் ஒரு தோள் இருக்கிறது.

நேற்று அதை மடித்துக்கொண்டே, பதினோரு வருஷமாச்சு, இன்னும் அப்படியே இருக்கு பாருங்க என்றாள். யதார்த்தமாகத்தான் சொன்னாள். ஜம்புவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்று காலை அவள் குளிக்கப் போன நேரத்தில் துப்பட்டா சுருண்டு அவன் டிபன் பைக்குள் போயிற்று.

லேபில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் போட்ட மார்க்கைச் சொல்லாமல் இன்னொருவரையும் பார்க்கச் சொல்ல வேண்டும். ஜம்பு பக்கத்து மேஜை மேரியைக் கூப்பிட்டான். தன் கண்ணில்தான் கோளாறு என்று ஆகிவிடாதா என்ற நப்பாசை.

மேரி வெள்ளைத் துண்டைப் பார்த்தாள். துப்பட்டாவை விரலால் நெருடிப் பார்த்தாள். பிறகு ஜம்புவைப் பார்த்தாள்.

"என்ன சார், பழந்துணியைப் போய் டெஸ்ட் பண்றீங்க? போறதெல்லாம் முதல் நாலு தண்ணியிலயே போயிருக்கும். இனி ஒட்டறதுக்கு இதுல என்ன இருக்கு?"

ஜம்புவுக்குக் காது சுட்டது. துவைக்காத புதுத் துணியைத்தான் தேய்த்துப் பார்க்க வேண்டும் என்பது நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்குக்கூடத் தெரியும். பொறாமை கண்ணை மறைத்தால்கூடப் பரவாயில்லை. பதினாறு வருஷம் சம்பளம் வாங்கிக் கற்றதையே மறைத்துவிட்டது.

அடுத்த நொடி மனசு துள்ளியது. அப்படியென்றால் இதுவும் புதுசில் சாயம் விட்டிருக்கும். மகாராஜன் ஹரி வாங்கிய துணியும் ஓடியிருக்கும். அதை அவள் வாயால் ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும்.

வராந்தாவுக்குப் போய் ஸ்ரீவித்யாவுக்குப் போன் போட்டான். ஏதோ வேலைச் சந்தேகம் போல, அந்த நீலத் துப்பட்டா முதல் துவையலில் சாயம் போனதா என்று கேட்டான்.

அவள் சிரித்துவிட்டாள். போகாமல் என்ன, கூடவே வாஷிங் மெஷினில் கிடந்த ஹரியின் வெள்ளைச் சட்டையில் திட்டுத் திட்டாக நீலம் என்றாள்.

ஜம்பு காற்றில் ஒரு குத்து விட்டான். எதிரே வந்த வாட்ச்மேன் ஒதுங்கிப் போனார்.

சட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டாரா என்று கேட்டான். போட்டிருக்க வேண்டும். அவளை நாலு வார்த்தை திட்டியிருந்தால் இன்னும் விசேஷம்.

போனில் சிரிப்பு நின்றிருந்தது.

"எங்க போட்டார்? அதையேதான் சும்மா சும்மா போட்டுப்பார். கடைசியா அவரை எடுக்கறப்பவும் அதைத்தான் போட்டு அனுப்பினேன். வேற வெள்ளைச் சட்டை இல்லையான்னு மாமனார் கேட்டார். இதுவும் வெள்ளைதான்னு சொல்லிட்டேன்."

ஜம்பு சுவரில் சாய்ந்துகொண்டான்.

அவளே பேச்சை மாற்றினாள். காலையிலிருந்து அந்தத் துப்பட்டாவைக் காணோம், எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை, உங்கள் கண்ணில் பட்டதா என்றாள்.

அவனிடம் ஒரு பொய் தயாராக இருந்தது. நல்ல பொய், துளிக்கூடச் சாயம் போகாதது.

"என்கிட்டதான் இருக்கு," என்றான். "சாயந்திரம் கேபுக்கு நிக்காதே. நானே எடுத்துட்டு வரேன், இன்னிக்குக் குளிர் ஜாஸ்தி."