துண்டுக்குள் ஐந்து விரல்
ஆடுகள் விலைபோய் உச்சிப்புளிச் சந்தை வெயிலில் காய்கிறது. மகள் மாரிச்செல்வி நீட்டும் போனை, பல் பிடித்து வயது பார்க்காத கிடாயைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார் வியாபாரி தவசி. படத்தில் ஒரு கருந்துளை, சுற்றிலும் நெருப்பு வட்டு. அதை ஆராய அவளை ஐந்து வருடம் பெங்களூருக்கு அனுப்ப அவர் சம்மதிக்க வேண்டும். “சும்மா கெடக்குற வட்டு திடீர்னு கொதிச்சு, துளைக்கிட்ட நெருங்கி எக்ஸ்ரேயாக் கக்கும்யா. அடங்க மாசக்கணக்காகும்.” “துளைக்குள்ள எவனாச்சும் பாத்திருக்கானா?” “முடியாது. வட்டு மாறுறத வச்சுத்தான் கணிக்கணும்.” “பாக்காத சரக்குக்கு அஞ்சு வருசமாக்கும்.” “அடுத்தவுக துண்டுக்குள்ள வெரலத் தொட்டு வெல பேசுறப்ப, வெரல் தெரியாம நீங்க எப்பிடிக் கணிக்கிறீக?” “மூஞ்சி மாறுறத வச்சு…” தவசி நிறுத்திக்கொள்கிறார். அவள் அவர் தோள்துண்டை உருவி இருவர் கையையும் மூடி, ஐந்து வருடத்துக்கு ஐந்து விரலையும் கொடுக்கிறாள். அவர் ஒன்றை மடக்கிவிட்டு, அவள் முகம் மாறுகிறதா என்று பார்க்கிறார்.